கணினிவழிக் களவும் அதனைக் கற்கும் இருநெறியும்

களவு என்னுந் தீத்தொழில் மனிதன் பொருளீட்டத் தொடங்கிய காலந்தொட்டு அவனைத் தொடர்ந்து வருகின்றது. பொருள் எவ்வுருக் கொண்டதோ அவ்வுருவிற்கேற்பக் களவும் உருமாறிற்று. நெற்கூடு செல்வமாயிருந்த நாளிற் கன்னக்கோல் கள்வனின் கருவியாயிற்று. பொன்னும் நாணயமும் செல்வமான நாளிற் கள்ளத் திறவுகோல் வந்தது. இன்றோ நம் செல்வத்திற் பெரும்பகுதி வங்கிக் கணினிகளில் எழுதப்பட்ட எண்களாய் இருக்கின்றது. ஆதலின் கள்வனும் எண்களைத் தேடி வரலாயினான்.

இக்களவைத் தடுத்தலும் ஆராய்தலும் இணையப் பாதுகாப்பு என்னும் புதுத்துறையாக வளர்ந்துள்ளன. நுட்பக்கலை வல்லாரே இதனைக் கற்றற்குரியர் என்னும் எண்ணம் நம் மாணாக்கரிடையும் பெற்றோரிடையும் உண்டு. கணிதப் பிரிவிற் பயில்வோன் இதனைத் தனக்கேயுரியதாகக் கொள்கின்றான். கலைப்பிரிவிற் பயில்வோன் ஏறெடுத்தும் பாரான். இவ்வெண்ணம் பொருந்தாது என்பதும், கணினியின் இயல்பையும் மனிதரின் இயல்பையும் ஒருங்கே கற்றாலன்றி இக்குற்றங்களை உள்ளவாறு உணர்தல் இயலாது என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்படும். இப்பொருளைப் பற்றி எழுதத் தமிழாசிரியன் ஒருவனுக்கு என்ன உரிமை என வினவுவார்க்கு விடை பின்னர்ப் புலனாகும்.

பழந்தமிழ் காட்டும் பாகுபாடு

களவை ஒரு கலையாக வகுத்து ஆராயும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையிலே, கோவலனைக் கொல்ல வந்த காவலர் அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கொலைக்குரியனல்லன் என ஐயுற்று நிற்கின்றனர். அப்பொழுது பொற்கொல்லன் அவர்க்குக் களவு நூலின் இயல்பை எடுத்துரைக்கின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டையும் கள்வர் துணையாகக் கொள்வர் என்பது அவன் கூற்று. முன்னைய நான்கும் அக்கால நம்பிக்கையைச் சார்ந்தனவாகலின் அவற்றை விடுத்துப் பின்னைய நான்கையுங் கைக்கொள்வோம். தந்திரம், இடம், காலம், கருவி என்னும் இவற்றுட் கருவி ஒன்றே நுட்பவியலின் பாற்பட்டது. ஏனைய மூன்றும் மக்களின் பழக்கவழக்கங்களையும் நிறுவனங்களின் ஒழுங்குகளையும் பற்றியவை.

இனி, இவ்வாறு பேசியவன் யாரென நோக்குக. அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அவனே. அரண்மனைக்கு வேண்டியவனாய், நம்பிக்கைக்குரியவனாய் இருந்தவன் அவன். அவன் சொல்லை ஆராயாது ஏற்ற அரசன் குற்றமற்றவனைக் கொல்வித்தான். உள்ளிருப்போன் செய்யும் களவு, ஆராயாது கொள்ளும் நம்பிக்கை, மாசற்றவன் மேல் விழும் பழி என்னும் இம்மூன்றையும் மனத்திருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

2016 ஆம் ஆண்டுக் களவு

2016 ஆம் ஆண்டு பெப்புருவரி 4 ஆந் தேதி, வியாழக்கிழமை இரவு, வங்காளதேச மத்திய வங்கியின் பெயரால் நியூயோர்க் நகரத்து மத்திய சேம வங்கிக்குக் கட்டளைகள் சென்றன. அங்கே வங்காளதேசத்தின் பெயரில் வைக்கப்பட்டிருந்த பணத்தைப் பிறர் கணக்குகளுக்கு மாற்றுமாறு அவை பணித்தன. கட்டளைகள் 35, அவற்றிற் கேட்கப்பட்ட தொகை ஏறக்குறைய 951 மில்லியன் டொலர். இவையனைத்தும் கள்வர் விடுத்தவை.

உலக வங்கிகள் தம்முட் செய்தி பரிமாறுதற்கு 1973 இல் பெல்சியத்தில் நிறுவப்பட்ட சுவிஃப்ட் என்னும் கூட்டுறவு அமைப்பின் வழியே அக்கட்டளைகள் சென்றன. அவ்வமைப்பின் பொது வலைப்பின்னல் உடைக்கப்பட்டிலது. வங்கியின் கணினிக்குள்ளேயே கள்வர் புகுந்து, உரிய அலுவலரின் பெயரிலேயே கட்டளை எழுதினர். தமது சுவட்டை அழிக்கவும் வங்கியின் அச்சுப்பொறியிற் பதிவாகும் செய்திகளை மறைக்கவும் தனியாக ஒரு தீநிரலை இயற்றியிருந்தனர். இது கருவி.

அவர்கள் உட்புகுந்த வழி யாது? 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வேலை தேடும் ஒருவன் எழுதியதுபோன்ற பணிவான மின்னஞ்சல்கள் வங்கி அலுவலர்க்கு வந்தன. தன் தகைமைப் பத்திரத்தைப் பார்வையிடுமாறு அவை வேண்டின. பார்வையிட்டோரின் கணினி வழியே தீநிரல் உட்புகுந்தது என்பது பின்னர் அமெரிக்க நீதித் திணைக்களம் வெளியிட்ட குற்றப்பத்திரத்தாற் புலனாகின்றது. இது தந்திரம்.

வங்காளதேசத்தில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. நியூயோர்க்கிற் சனியும் ஞாயிறும் விடுமுறை. பணத்திற் பெரும்பகுதி சென்றடைந்த பிலிப்பைன்சு நாட்டிலோ பெப்புருவரி 8 ஆந் தேதி, திங்கட்கிழமை, சீனப் புத்தாண்டு விடுமுறை. ஓரிடத்தார் விழித்திருக்கையில் மற்றையோர் ஓய்ந்திருக்கும் நாட்களைக் கள்வர் ஆராய்ந்து தேர்ந்தனர். இது காலம்.

மணிலாவை அடுத்த மக்காத்தி நகரிலுள்ள ஒரு வங்கிக் கிளையில் 2015 மே மாதத்திலேயே பொய்ப்பெயர்களிற் கணக்குகள் தொடங்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் 500 டொலர் இடப்பட்டிருந்தது. அங்கே வந்த 81 மில்லியன் டொலரிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளுக்குட் புகுந்து மறைந்தது. பணத்தூய்மையாக்கலைத் தடுக்கும் அந்நாட்டுச் சட்டம் அந்நாளிற் சூதாட்ட விடுதிகளைக் கட்டுப்படுத்தவில்லை; 2017 இலேயே அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தில் எங்கே ஓட்டையுண்டு என அறிந்து அவ்விடத்தைக் கள்வர் கைக்கொண்டனர். இஃது இடம்.

கேட்கப்பட்ட 951 மில்லியனில் வெளிச்சென்றது 101 மில்லியன். ஏனைய 30 கட்டளைகளும் தடுக்கப்பட்டன. மணிலாக் கிளையின் முகவரியிலிருந்த யூப்பிற்றர் என்னும் சொல், ஈரான்மீது விதிக்கப்பட்ட தடைப்பட்டியலிலுள்ள ஒரு கப்பலின் பெயரோடு ஒத்திருந்தமையாற் கணினி ஐயுற்று நிறுத்தியதெனப் பின்னர் வெளியான செய்திகள் கூறின. வெளிச்சென்ற தொகையில் 20 மில்லியன் டொலர் நம் இலங்கையிலுள்ள ஓர் அறநிறுவனத்தின் கணக்கிற்கு அனுப்பப்பட்டது. அந்நிறுவனத்தின் பெயரில் ‘பவுண்டேசன்’ என்று இருக்கவேண்டிய ஆங்கிலச் சொல்லைக் கள்வர் ‘பண்டேசன்’ எனப் பிழைபட எழுதியிருந்தனர். இடைநின்ற வங்கி அப்பிழையைக் கண்டு வினவ, களவு வெளிப்பட்டது. 20 மில்லியனும் மீண்டது.

எழுத்துப் பிழை பார்த்தல் சிறுதொழில் என எண்ணும் மாணாக்கர் இதனைச் சிந்திப்பாராக. நுணுகி வாசிக்கும் ஒருவரின் கண், பெரும் பொருட்செலவில் அமைத்த பொறிகள் தவறவிட்டதைப் பிடித்துக்கொண்டது. மேலும், இக்களவு ஒரு கடிதத்தாற் றொடங்கி ஒரு சொல்லால் இடறியமை காண்க. மொழியாசிரியர்க்கு இத்துறையில் உள்ள உரிமை இதுவேயாகும்.

நுட்பவியலார் நோக்கு

நுட்பவியலார் இந்நிகழ்ச்சியை ஆராயுமிடத்து, தீநிரல் எவ்வாறு உட்புகுந்தது, எந்தக் கோப்பை மாற்றியது, பணம் அனுப்பும் கணினி ஏனைய அலுவலகக் கணினிகளிலிருந்து ஏன் பிரித்து வைக்கப்படவில்லை என வினவுவர். இவ்வினாக்களின் பயனாகவே 2016 இல் சுவிஃப்ட் அமைப்பு உறுப்பு வங்கிகளுக்குப் பாதுகாப்பு விதிகளை வகுத்தது. இவ்வறிவு இன்றியமையாதது. பூட்டின் உள்ளமைப்பை அறியாதவன் பூட்டைத் திருத்தமாட்டான்.

ஆயினும் நுட்பவியலின் எல்லையை நுட்பவியலாரே முதலில் உணர்ந்தனர். கேம்பிரிட்சிற் பயின்று பின்னர் அங்கேயே பேராசிரியராய் விளங்கி 2024 இற் காலமான ரொஸ் அன்டர்சன் என்பார், வங்கிகளின் பணம்வழங்கு பொறிகளில் நிகழ்ந்த மோசடிகளை ஆராய்ந்து 1993 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மறைகுறியீட்டுக் கணிதத்தை உடைத்துக் களவாடியோர் மிக அரியர் எனவும், அமைப்பிலும் மேற்பார்வையிலும் நேர்ந்த வழுக்களே பெரும்பாலான இழப்புக்குக் காரணம் எனவும் அவர் கண்டார். 2001 இல் அவர் மேலுமொரு படி சென்று, பாதுகாப்பின் குறைபாடு பொருளியற் குறைபாடு என்றார். அமெரிக்காவிற் பொறி தவறாகப் பணங்கொடுத்தால் வங்கியே பொறுப்பேற்றது. பிரித்தானியாவில் வாடிக்கையாளரே தம் குற்றமின்மையை நாட்டவேண்டியிருந்தது. பிரித்தானிய வங்கிகள் மிகுதியாகச் செலவிட்டும் மிகுதியான மோசடிக்கு இலக்காயின. முறைப்பாட்டை யாரும் பொருட்படுத்தார் என்பதை அறிந்த அலுவலர் கவனங் குன்றியமையே அதற்குக் காரணம் என்பது அவர் கருத்து. இழப்பைத் தாங்குபவர் யார் என்னும் வினாவிற்குக் கணினி நூலில் விடை இல்லை. அதற்குச் சட்டத்தையும் பொருளியலையும் நாடல் வேண்டும்.

சமூகவியலார் நோக்கு

1979 இல் லோறன்சு கோகன், மார்க்கசு பெல்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஓர் எளிய கொள்கையை வகுத்தனர். குற்றஞ்செய்ய விரும்புவோன், அவனுக்கேற்ற இலக்கு, தகுந்த காவலின்மை என்னும் மூன்றும் ஒரு காலத்தில் ஓரிடத்திற் கூடும்பொழுது குற்றம் நிகழும் என்பது அது. தீயோர் தொகை பெருகாமலே, மக்களின் அன்றாடப் பழக்கம் மாறுவதாற் குற்றம் பெருகலாம் என அவர்கள் காட்டினர். நம் கைத்தொலைபேசிகளை நோக்குவோமாயின் இதன் உண்மை விளங்கும். முன்னர் வங்கிக்குச் செல்லும் முதியவர்க்கு அறிந்த முகமுடைய காசாளர் துணையிருந்தார். இன்று அவர் வீட்டில் தனித்திருந்து, முன்பின் அறியாதவர் குரலுக்கு விடை கூறுகின்றார். இலக்கு கையில் இருக்கின்றது, காவலோ அகன்றுவிட்டது.

1953 இல் டொனால்டு கிரெசி என்பார், நம்பிக்கைப் பொறுப்பிலிருந்து பணங் கையாடிச் சிறைப்பட்டோரை நேரிற் கண்டு ஆராய்ந்தார். பிறரிடஞ் சொல்லவொண்ணாத நெருக்கடி, கையாடற்கு வாய்த்த வழி, தன் செயலுக்குத் தானே கற்பித்துக்கொள்ளும் நியாயம் என்னும் மூன்றையும் அவர்களிடங் கண்டார். 1957 இல் கிறெசாம் சைக்சு, டேவிட் மட்சா என்போர் இந்நியாயங்களை வகைப்படுத்தினர். யாருக்குங் கேடில்லை, பட்டவன் படத்தக்கவனே, நான் என்னவர்க்காகவே செய்தேன் என்பன அவற்றுட் சில. தோழனின் கடவுச்சொல்லைத் திருடி அவன் கணக்கிற் புகும் மாணவனும் விளையாட்டுக்குத்தானே என்கின்றான். அவ்விடத்தே தடுத்து நிறுத்தத்தக்கவர் ஆசிரியரும் பெற்றோருமேயன்றி எந்த மென்பொருளும் அன்று.

ஏமாற்றப்பட்டோரின் நாணமும் இந்நோக்கினாற் புலனாவது. வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, தொலைபேசிக்கு வரும் ஓ.ரி.பி. எண்ணைக் கேட்டுப் பெற்றுப் பணத்தைக் கவரும் மோசடி நம் ஊர்களிலும் நிகழ்கின்றது. கொடுத்தவரை மூடர் என நகைத்தல் எளிது. அதிகாரத்திற்கு அஞ்சும் பணிவும், கணக்கு முடங்கும் என்ற அச்சமும், இப்பொழுதே என்னும் அவசரமும் ஒருங்கே தாக்கினாற் கற்றோரும் தடுமாறுவர். நகைப்புக்கு அஞ்சி இழந்தோர் வாய்மூடியிருப்பாராயின், அடுத்த வீட்டாருக்கும் எச்சரிக்கை கிடையாது. காவற்றுறைக்கும் தடயங் கிடையாது. நமது ஏளனம் கள்வனுக்குத் துணைபோவதாகும்.

பொறி சொல்லும் பொய்ச்சான்று

இருநெறியும் பிரிந்து நின்றால் விளையுங் கேட்டிற்குப் பிரித்தானிய அஞ்சலகத்தின் வரலாறு சான்றாகும். ‘கொறைசன்’ என்னும் கணக்குப் பதிவுக் கணினி அமைப்பு 1999 முதல் அங்கே நடைமுறைக்கு வந்தது. கிளை அஞ்சலகங்களிற் பணங் குறைவதாக அது காட்டிற்று. 2015 வரையிலான காலத்தில் 900க்கு மேற்பட்ட கிளை அஞ்சலதிபர்கள் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்காகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். பலர் சிறைசென்றனர், சிலர் உயிர் துறந்தனர். கணினி சரியாகவே இயங்கும் எனக் கொள்ளும் சட்டவழக்கினால், அதன் வழுவை நாட்டும் பாரம் குற்றஞ்சாட்டப்பட்டவர் மேல் விழுந்தது. அவ்வமைப்பில் வழுக்கள் இருந்தன என 2019 டிசெம்பரில் உயர்நீதிமன்றம் தீர்த்தது. 2024 இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி அக்குற்றத்தீர்ப்புகளை நீக்கிற்று.

பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற பாண்டியனின் பிழையும் இதுவும் ஒன்றே. ஒருவேறுபாடு யாதெனில், தன் பிழையை உணர்ந்த பாண்டியன் அக்கணமே உயிர் நீத்தான். இங்கோ பிழை உணரப்படுதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. நிரலின் வழுவைக் காணும் நுட்பவறிவும், ஓரூரில் நேர்மையாளராய் வாழ்ந்த இத்தனை பேர் ஒரே காலத்திற் கள்வராவரோ என வினவும் சமூகவறிவும் ஒரு மேசையில் அமர்ந்திருக்குமாயின், இக்கொடுமை நேர்ந்திராது.

கள்வனும் கைதியாதல்

இன்னுமொரு செய்தியை நம் இளைஞர் அறிதல் வேண்டும். கணினி மோசடி செய்வோர் யாவரும் தம் விருப்பத்தாற் செய்வோர் அல்லர். தென்கிழக்காசியாவிலே, மதில் சூழ்ந்த கட்டடங்களில் அடைத்து வைக்கப்பட்டு, அடிக்கும் வசைக்கும் அஞ்சிப் பிறரை ஏமாற்றுவோர் பெருந்தொகையினர். மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் ஏறக்குறைய 100,000 பேரும் அந்நிலையில் இருக்கலாமென ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகத்தில் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. நல்ல சம்பளத்தோடு கணினி வேலை என்னும் விளம்பரத்தை நம்பிச் சென்ற இலங்கை இளைஞரும் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அகப்பட்டிருந்து, பலர் பின்னர் மீட்கப்பட்டனர். அவ்வாறு இழுக்கப்படுவோர் கல்லாதவர் அல்லர். ஆங்கிலமும் கணினியும் அறிந்தவரே ஆங்கே வேண்டப்படுகின்றனர். உயர்தரப் பரீட்சை முடித்து வேலை தேடும் நம் மாணவர் போன்றோரே அவர்கள். வேலையின்மை, குடும்பக் கடன், தரகர் நாவன்மை என்பவற்றை அறியாமல் இம்மோசடியை வேரறுத்தல் இயலுமோ?

நாம் செய்யத்தக்கன

நம் நாட்டில் இத்துறைக்குச் சட்டமில்லை என எண்ணற்க. கணினிக் குற்றங்கள் சட்டம் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கமாக இயற்றப்பட்டது. கணினிசார் இடர்களைக் கவனிக்கும் தேசிய நிலையம் 2006 முதல் உள்ளது. இணையவழிக் குற்றங்கள் பற்றிய 2001 ஆம் ஆண்டுப் புடாபெசுற்று உடன்படிக்கையில் 2015 இல் இலங்கை சேர்ந்தது. தென்னாசியாவில் முதலிற் சேர்ந்த நாடு இதுவே. சட்டங்கள் உள. அவற்றைத் தமிழில் விளக்குவாரும், அச்சமின்றி முறையிடுவாரும் வேண்டும்.

மாணாக்கர் ஒரு கணினிக் குற்றத்தைப் பற்றிப் படிக்குந்தோறும் நான்கு வினாக்களை எழுப்புவாராக. எக்கருவியால் நிகழ்ந்தது? எத்தந்திரத்தால் மனிதர் இணங்கினர்? எக்காலத்தும் எவ்விடத்தும் காவல் தளர்ந்திருந்தது? இழப்பு யார் தலையில் விழுந்தது? முதல் வினாவிற்குக் கணிதப் பிரிவினரும் இறுதி வினாவிற்கு வணிகப் பிரிவினரும் விடை தேடுக. இடைநின்றவற்றைக் கலைப்பிரிவினர் ஆராய்க. பின்னர் மூவரும் ஒருங்கிருந்து ஒப்புநோக்குக. நம் கல்லூரித் தமிழ்ச்சங்கமும் விஞ்ஞானக் கழகமும் தவணைக்கொருமுறை இத்தகைய ஆய்வரங்கு ஒன்றைக் கூட்டுதல் அரிதன்று.

பழைய மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்களுள் வங்கியாளர் உளர், வழக்கறிஞர் உளர், கணினிப் பொறியியலாளர் கடல்கடந்தும் உளர். விழாக்காலத்திற் கட்டடத்திற்குக் கல்லெடுத்துக் கொடுத்தல் நன்று. அத்துடன், ஆண்டுக்கு ஒருநாள் வகுப்பறைக்கு வந்து, உங்கள் தொழிலில் நீங்கள் கண்ட ஒரு மோசடி எவ்வாறு நிகழ்ந்தது, எவ்வாறு பிடிபட்டது என்பதைத் தமிழிலே எம் மாணாக்கர்க்கு எடுத்துரைப்பீர்களாயின் அதன் பயன் நெடுங்காலம் நிற்கும். அவர்கள் அதனை இல்லத்திற்குச் சென்று பாட்டன் பாட்டிமார்க்கு உரைப்பர். வங்கி ஒருபொழுதும் தொலைபேசியில் எண் கேளாது என்னும் ஒருவரிச் செய்தி ஒரு முதியவரின் ஓய்வூதியத்தைக் காக்குமாயின், அதுவும் இக்கல்லூரி ஊருக்குச் செய்யும் பணிகளுள் ஒன்றாக எண்ணப்படும்.

இவ்விழாக் காணும் நம் கல்லூரி, நுண்ணறிவும் நல்லறிவும் ஒருங்குடைய மாந்தரை மேன்மேலும் உலகிற்கு உதவுவதாக.